காது பழகினால் நாக்கும் பழகும்!

'இங்கிலீஷ் படிச்சா புரியுது. யாராவது பேசினா மட்டும் ஒண்ணுமே புரியல...' - நம்மில் பல பேருடைய குறை இதுதான். பத்தாவது, பன்னிரண்டாவது படித்தவர்கள் மட்டுமல்ல. பட்டம் வாங்கிய இல்லத்தரசிகளும் இதைச் சொல்கின்றனர். பிள்ளையின் டீச்சர் கடகடவென்று நாலு வார்த்தை பேசினால், 'அவங்க அப்பாவை வரச் சொல்றேன்' என்று நழுவி விடுகிறோம். வெளிநாட்டில் பிறந்த பேரன் வீடியோவில் பேசும்போது, பக்கத்தில் மகன் உட்கார்ந்து மொழிபெயர்க்க வேண்டியிருக்கிறது. பாட்டிக்கும், பேரனுக்கும் நடுவில் ஒரு ஆள் எதற்கு?

குறை நம் மூளையில் இல்லை தோழியரே... பள்ளிக்கூடத்தில் கண்ணுக்கும், கைக்கும் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தனர். காதுக்குச் சொல்லித் தரவில்லை. புத்தகத்தில் தனித்தனியாக நிற்கும் வார்த்தைகள், பேச்சில் ஒட்டிக் கொள்கின்றன. 'வான்ட் டு' என்பது, 'வான்னா' ஆகிறது. 'கோயிங் டு' என்பது, 'கன்னா' ஆகிறது. 'என்ன செய்கிறாய்' என்று எழுதும் நாமே, 'என்ன பண்றே'னு பேசுவதில்லையா? அதே கதைதான்.

2012ல் வந்த, இங்கிலீஷ் விங்கிலீஷ் படத்தில், ஸ்ரீதேவி நியூயார்க் காபிக் கடையில் தவிப்பாரே, ஞாபகம் இருக்கிறதா? தனக்கு என்ன வேண்டும் என்று அவருக்குத் தெரியும். கவுன்டர் பெண் அடுத்தடுத்து வேகமாகக் கேட்ட கேள்விகளில்தான் திணறிப் போனார்.

இதற்கு, செலவில்லாத மருந்து ஒன்று உண்டு; ஆங்கில காமெடிப் படங்கள்!

காமெடி ஏன் என்றால், அதில் வசனம் சின்னச் சின்னதாக இருக்கும். வீடு, கடை, சமையலறை என்று அன்றாட விஷயங்களே வரும். பாதி அர்த்தத்தை முகமும், கையும் சொல்லி விடும். எல்லாவற்றுக்கும் மேலாக, வசனத்தைக் கேட்டு சிரிப்பு வந்தால், புரிந்துவிட்டது என்று அர்த்தம். பரீட்சையும் அதுவே, மார்க்கும் அதுவே!

எந்தப் படம் பார்ப்பது? கதை தெரிந்த படத்தில் ஆரம்பியுங்கள். நம் அவ்வை சண்முகி (1996) பார்க்காதவர் யார்? அதற்கு மூலமான, மிஸஸ் டவுட்ஃபயர் (1993) பார்த்தால், கதைக்காக மண்டையை உடைத்துக் கொள்ள வேண்டாம். காது முழுக்க வசனத்தில் இருக்கும். குழந்தையும் தெய்வமும் (1965) பார்த்தவர்களுக்கு, 1961ல் வந்த, தி பேரன்ட் டிராப் அப்படித்தான்.

அடுத்தது, ஹோம் அலோன் (1990). குடும்பமே பாரிசுக்குப் பறக்க, 8 வயதுப் பொடியன் கெவின் மட்டும் வீட்டில் மாட்டிக் கொள்வான். பால், ஆரஞ்சு ஜூஸ், சோப்புத்தூள் என்று மளிகை வாங்கி, தள்ளுபடிக் கூப்பனையும் மறக்காமல் நீட்டுவான். 'அம்மா எங்கே, அப்பா எங்கே' என்று கடைக்காரப் பெண் கேட்க, அவன் டக் டக்கென்று சொல்லும் பதில்கள், நமக்கு நல்ல பாடம்.

கொஞ்சம் பழகியதும், கிரவுண்ட்ஹாக் டே (1993) பாருங்கள். கதாநாயகனுக்கு, பிப்ரவரி 2ம் தேதியே மறுபடி மறுபடி விடியும். அதே ஆட்கள், அதே பேச்சு... முதல் தடவை தப்பிய வார்த்தை, மூன்றாம் தடவை காதில் சிக்கி விடும். சாப்ளினின் ஊமைப்படங்களும், மிஸ்டர் பீனும் சிரிக்க மட்டுமே. அவற்றில் கேட்டுப் பழக பேச்சு கிடையாது.

பார்க்கும் முறையும் முக்கியம். முதலில், சிரிப்பதற்காகவே முழுப்படத்தையும் பாருங்கள். பிறகு, பிடித்த காட்சியில் ஐந்தே நிமிடம் எடுத்துக் கொண்டு, ஆங்கில சப்டைட்டிலோடு பாருங்கள். தமிழ் சப்டைட்டில் வேண்டாம். கண் படிக்கும், காது தூங்கிப் போகும். மூன்றாம் தடவை, சப்டைட்டிலை நிறுத்தி விட்டு, காய் நறுக்கிக் கொண்டே காதால் மட்டும் கேளுங்கள். பால் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில், தினம் ஐந்து வார்த்தை போதும். தனி வார்த்தையாக இல்லாமல், வாக்கியத்தோடு எழுதுங்கள். அப்போதுதான் வாயில் வரும்.

ஒரு எச்சரிக்கை... படத்தில் வருவதெல்லாம் வெளியில் பேசத் தக்கதல்ல. ஹோம் அலோனிலேயே பிள்ளைகள் திட்டிக் கொள்ளும் வார்த்தைகள் உண்டு. புரிந்து கொள்ளுங்கள், டீச்சரிடம் பேசி விடாதீர்கள்!

'இந்த வயசுல உனக்கு இங்கிலீஷ் படமா?' என்று வீட்டில் கிண்டல் வரும். நாள் முழுக்க கிரிக்கெட் ஓடும் வீட்டில், அம்மாவுக்கு அரை மணி நேரம் ரிமோட் கிடைக்காதா? கூச்சப்படாமல் கேட்டு வாங்குங்கள். ஆங்கிலம் தெரியாதது அவமானமில்லை. தெரிந்து கொள்ள ஆசைப்படுபவளைப் பார்த்துச் சிரிப்பதுதான் அவமானம்.

பேரன் பேசுவது நமக்குப் புரியத் தொடங்கட்டும். பதிலுக்கு, நம் தமிழை அவனுக்குக் கற்றுக் கொடுப்போம். இன்று ராத்திரியே, அந்த முதல் ஐந்து நிமிடத்தைத் தொடங்கலாமா தோழியரே?

- ஒரு வாசகி, மதுரை.