டெப்த் ஷூவுக்கு 18 சதவீத வரி கூடாது

2025 செப்டம்பர் 22 முதல் காலணிக்கான ஜி.எஸ்.டி. மாறியிருக்கிறது. ஜோடி 2,500 ரூபாய் வரை 5 சதவீதம், அதைத் தாண்டினால் 18. ஆயிரம் ரூபாய்க்கு உட்பட்ட செருப்புக்குக்கூட 2022 ஜனவரியில் 12 சதவீதமாக ஏற்றிய வரி இது. இறங்கியதை வரவேற்கிறோம். ஆனால் நம் கிளினிக்குகளில் வந்து உட்காருகிறவர்களுக்கு இதனால் பெரிய பலன் இல்லை.

ஹேமர் டோவோடு வருகிறவருக்கு மாத்திரைக்கு முன்னால் நாம் எழுதித் தருவது காலணி. கெலிகியன் சோதனையில் விரல் நிமிர்ந்தால் கத்திக்கு அவசரமில்லை. மெட்டடார்சல் பேட், டோ கிரெஸ்ட், பியூடின் ஸ்ப்ளின்ட் என்று நம்மிடம் இருப்பவை போதும். (பேட் மெட்டடார்சல் தலைகளுக்குப் பின்னால் உட்கார வேண்டும். நேர் கீழே ஒட்டி அனுப்பப்பட்டு, வலி கூடி வருகிறவர்களை இன்றும் பார்க்கிறோம்.) இவை ஒவ்வொன்றும் ஷூவுக்குள் இடம் கேட்கும். முன்பக்கம் உயரம் இல்லாத ஷூவில் பேடும் இன்சோலும் வைத்தால் பி.ஐ.பி. மூட்டு மேல்தோலில் முட்டும், கால் ஆணி இன்னும் வளரும். முன்பக்கம் உயரம் கூடிய டெப்த் ஷூ இல்லாமல் மற்ற வைத்தியம் நிற்காது.

அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் பாதத்தை ஸ்கேன் செய்து, நம் கால்கள் ஐரோப்பிய, அமெரிக்கக் கால்களைவிட அகலம் என்று சொன்னது. நல்ல வேலை. அகலத்தோடு உயரத்தையும் கடைக்காரர்கள் பேசத் தொடங்கினால் நமக்குப் பாதி சுமை குறையும்.

புதுவை கருவடிக்குப்பத்தில் எங்களிடம் வந்த ஒரு செக்யூரிட்டி ஊழியரின் ஷூவைச் சொல்ல வேண்டும். டியூட்டியில் கறுப்பு ஷூ கட்டாயம். இரண்டாம் விரலுக்கு நேர் மேலே பிளேடால் ஒரு ரூபாய் நாணய அளவு வெட்டியிருந்தார். உள்ளிருக்கும் சாக்ஸ் வெளியே தெரியாமலிருக்க அதன்மேல் ஷூ பாலிஷ் பூசியிருந்தார். வலிக்கிற இடத்துக்கு இடம் கொடுக்க வேண்டும் என்பது அவருக்குப் புரிந்திருந்தது. சாக்ஸைக் கழற்றியபோது, வெட்டிய விளிம்பு உரசி மூட்டின் மேல் புண் ஆகியிருந்தது. அது அவருக்குத் தெரியவில்லை. 10 கிராம் மோனோஃபிலமென்ட் மூன்று இடங்களில் பட்டதும் தெரியவில்லை. டெப்த் ஷூவின் விலையைக் கேட்டுவிட்டுத்தான் பிளேடை எடுத்தாராம்.

வரிக் கணக்குக்கு வருவோம். 2,500 ரூபாய் ஜோடிக்கு வரி 125. 2,600 ரூபாய் ஜோடிக்கு 468. வார்த்த இன்சோலோடு நாம் எழுதித் தரும் டெப்த் ஷூ பெரும்பாலும் இந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம்தான் நிற்கிறது. சுங்கக் கட்டண அட்டவணையின் 90ஆம் அத்தியாயம், 6ஆம் குறிப்பைப் படித்துப் பாருங்கள். எலும்பு, மூட்டுக் குறைபாட்டைச் சரிசெய்யும் காலணி, ஆளின் அளவுக்குத் தைத்ததாக இருந்தால் 9021இல் சேரும், 5 சதவீதம். மொத்தமாகச் செய்ததாக இருந்தால், எந்தக் காலுக்கும் பொருந்தும்படி ஒற்றையாக விற்றால் மட்டுமே சேரும். இடது, வலது என ஜோடியாக வரும் ரெடிமேட் டெப்த் ஷூ 64ஆம் அத்தியாயத்தில் சாதாரண ஷூக்களோடு போய்விடுகிறது. ஆகவே அளவெடுத்துத் தைக்கும்போது அளவுத்தாளும் மருந்துச்சீட்டும் பில்லோடு இருக்கட்டும். பில்லில் 9021 என்று போடச் சொல்லுங்கள். ஆனால் அளவெடுத்துத் தைக்கிற ஆள் எத்தனை ஊரில் இருக்கிறார்?

இதைவிட நெஞ்சை அறுப்பது வேறொன்று. போஸ்டீரியர் டிபியல் நரம்பு செத்து விரல்கள் மடங்கிய தொழுநோயாளிக்கு அரசு எம்.சி.ஆர். (மைக்ரோசெல்லுலார் ரப்பர்) செருப்பை இலவசமாகத் தருகிறது. வேலூரிலும் காரிகிரியிலும் பால் பிராண்ட் காலத்திலிருந்து நாம் கற்ற பாடம் அது: உணர்வில்லாத பாதத்தைக் காப்பது செருப்பு. சர்க்கரை நோயில் உள்தசைகள் சுருங்கி அதே மாதிரி விரல்கள் மடங்குகின்றன, அதே மாதிரி உணர்வு போகிறது, விரல் நுனியில் அதே மாதிரி புண் வருகிறது. இவருக்கு இலவசம் கிடையாது. 2,500 ரூபாயைத் தாண்டும் டெப்த் ஷூவைக் காசு கொடுத்து வாங்கினால் 18 சதவீத வரி. 2023இல் வெளியான ஐ.சி.எம்.ஆர். இன்டியாப் ஆய்வில் சர்க்கரை நோய் விகிதத்தில் கோவா 26.4, புதுவை 26.3 சதவீதம். நாட்டிலேயே இரண்டாவது இடம் நம்முடையது. வளர்ந்தவர்களில் நாலில் ஒருவருக்குச் சர்க்கரை இருக்கும் ஊரில், காலணியை ஃபேஷன் சாமானாகப் பார்க்கிறவர்கள் ஒரு நாள் டிரஸ்ஸிங் அறையில் வந்து நிற்க வேண்டும். விரலை எடுக்கும் அறுவைக்கும் ஆஸ்பத்திரிப் படுக்கைக்கும் செலவழிக்கத் தயங்காத அரசு, அதைத் தடுக்கும் ஷூவில் வரி வாங்குவது எந்த நியாயம்? பல வருஷமாகக் கேட்கிறோம். வரி விகிதம் ஏறும்போதும் யாரும் நம்மை அழைக்கவில்லை, இறங்கும்போதும் அழைக்கவில்லை.

ஜி.எஸ்.டி. கவுன்சிலில் புதுவைக்குத் தனி இடம் உண்டு. நம் அரசின் பிரதிநிதி அங்கே வைக்க வேண்டிய கோரிக்கை சின்னது: மருத்துவர் சீட்டோடு வாங்கும் ரெடிமேட் டெப்த் ஷூவுக்கும், ஜோடியாக இருந்தாலும், விலை எதுவானாலும், 5 சதவீதம். சுகாதாரத் துறையிடம் கேட்பது, உணர்விழந்த சர்க்கரை நோயாளிக்கும் எம்.சி.ஆர். செருப்பு. 18 சதவீதம் போட்ட பில் உங்கள் பேஷண்டிடம் இருந்தால், பெயரை மறைத்து நகலை ஆசிரியர் குழுவுக்கு அனுப்புங்கள். கோரிக்கை மனுவோடு அவற்றையும் சேர்த்துக் கொடுக்கப் போகிறோம்.