பொங்கல் பானையும் கூட்டக் கதிரையும்



சித்திரையும் வைகாசியும் இளவேனிற் காலம் என்று பாடசாலையில் படித்திருக்கிறோம். புத்தகத்தில் உள்ள இளவேனிலுக்குப் பூவும் தென்றலும் உண்டு. எங்கள் மட்டக்களப்பு மாவட்டத்தின் இளவேனிலுக்கு வேறு அடையாளங்கள். மாரிப் போக வேளாண்மை வெட்டி முடிந்திருக்கும். நெல் விற்ற காசு கொஞ்சமாவது கையில் இருக்கும். வெயில் ஏற ஏறக் கிணற்றுத் தண்ணீர் கீழே போகும். பிள்ளைகளுக்கு விடுமுறை. வருடத்தில் வேறெந்தக் காலத்திலும் காண முடியாத அளவுக்கு ஊர் ஒன்றுகூடுவது இந்த நாட்களில்தான்.

செங்கலடிச் சந்தியில் சித்திரை வருடத்துக்கு முந்திய வாரம் நின்று பார்த்தால் இது விளங்கும். பதுளை வீதி திருகோணமலை வீதியோடு வந்து சேரும் சிறிய நகரம் இது. கரடியனாற்றுப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கும் பெண்கள் பிள்ளைகளுக்கு உடுப்பும், பலகாரத்துக்குச் சாமானும் வாங்கிக்கொண்டு திரும்புவார்கள். மதில்களில் விளையாட்டு விழா நோட்டீஸ். கோயில்களில் ஒலிபெருக்கி. வருடம் பிறந்து மருத்துநீர் வைத்து, கைவிசேஷம் வாங்கி முடிய, கழகங்களின் விளையாட்டுக்கள் தொடங்கும். ஆண்களுக்கு வழுக்கு மரமும் கயிறு இழுத்தலும். பெண்களுக்குத் தேங்காய் துருவுதலும் கிடுகு பின்னுதலும். வைகாசி பிறந்தால் ஊரூராகக் கண்ணகை அம்மன் சடங்கு.

இத்தனையும் யாருடைய கையால் நடக்கிறது என்பதை இம்மாதம் சேர்ந்து யோசிப்போம்.

சடங்குக்கு முன்னர் கோயில் வளவைக் கூட்டித் துப்புரவாக்குவது பெண்கள். மடிப்பிச்சை எடுத்து வீடு வீடாக அரிசி சேர்ப்பது பெண்கள். எந்த வீடு எவ்வளவு தந்தது, எந்த வீட்டில் இம்முறை கேட்கக் கூடாது என்று அறிந்து வைத்திருப்பதும் அவர்களே. அன்னதானத்துக்கு எத்தனை கிலோ அரிசி, எத்தனை தேங்காய், எத்தனை பானை என்று கணக்குப் போடுவார்கள். தண்ணீர் சுமப்பார்கள். எல்லாரும் சாப்பிட்ட பின் பானை கழுவுவார்கள். ஆனால் நிருவாக சபைக் கூட்டம் கூடும்போது கதிரைகளில் யார் இருக்கிறார்கள்? பெரும்பாலான ஊர்களில் ஆண்கள். பெண்கள் தேநீரோடு வந்து, தேநீரை வைத்துவிட்டுப் போகிறார்கள்.

கரொலைன் மோசர் என்ற சமூக ஆய்வாளர் 1993 இல் வெளியிட்ட நூலொன்றில் பெண்களின் உழைப்பை மூன்றாகப் பிரித்துக் காட்டினார். வீட்டையும் பிள்ளைகளையும் பராமரிக்கும் உழைப்பு ஒன்று. வருமானம் தேடும் உழைப்பு இரண்டாவது. ஊருக்காகச் சம்பளமின்றிச் செய்யும் உழைப்பு மூன்றாவது. இந்த மூன்றாவதைப் பற்றி அவர் சொல்வது எங்கள் ஊர்களைப் பார்த்துச் சொன்னது போலவே இருக்கும். ஊருக்கான வேலையைப் பெண்கள் செய்கிறார்கள். ஊருக்கான தீர்மானத்தை ஆண்கள் எடுக்கிறார்கள். வேலை இயல்பான கடமை என்று கருதப்படுவதால் அதற்குப் பெயருமில்லை, பதவியுமில்லை. தீர்மானம் எடுப்பவருக்கு இரண்டும் கிடைக்கின்றன.

மட்டக்களப்பில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. எங்கள் கோயில் உரிமைகள் குடி வழியாக வருகின்றன. குடியோ தாய் வழியாக வருகிறது. ஒருவர் இன்ன குடியின் வண்ணக்கராக இருக்கிறார் என்றால், அந்தக் கதிரையில் அவரை இருத்தியது அவருடைய தாயின் வயிறு. வீடும் வளவும் மகளுக்கே சீதனமாகப் போகும் வழக்கமும் எங்களிடம் உள்ளது. உரிமை பெண் வழியாக வந்து, அதிகாரம் ஆண் கைக்குப் போய்ச் சேர்கிறது. இடையில் அந்தப் பெண் எங்கே போனாள் என்று நாங்கள் கேட்பதில்லை.

கணவனை இழந்த சகோதரிகளின் நிலை இதைவிடக் கடினம். கண்ணகை அம்மன் யார்? கணவனைப் பறிகொடுத்தவள். அரச சபைக்குத் தனியே போய் வழக்குரைத்தவள். சடங்குக் காலத்தில் நாங்கள் படிக்கும் ஏட்டின் பெயரே கண்ணகி வழக்குரை. அவளுடைய கோபம் தணிவதற்காகவே திருக்குளிர்த்தி பாடுகிறோம். அப்படிப்பட்ட தெய்வத்தின் வாசலில், கலியாணக்கால் நடும் நேரம் வந்ததும், யுத்தத்தில் கணவனை இழந்த பெண்ணைச் "சற்று அங்கால நில்" என்று சொல்லுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். சொல்லுகிறவர்களில் பெண்களும் உண்டு. முற்றம் கூட்டும்போதும் அரிசி தீட்டும்போதும் அவள் கை வேண்டியிருந்தது. அப்போது இல்லாத அமங்கலம் பிறகு எங்கிருந்து வந்தது? இதைப் பழிப்பதற்காக எழுதவில்லை. எங்கள் வழக்கங்களை எங்கள் தெய்வத்தின் கதையோடு ஒருமுறை பொருத்திப் பார்க்கலாமே என்பதற்காக எழுதுகிறேன்.

இனி நகரத்துக்கு வருவோம். கோயில் நிருவாகத்தில் நடப்பதே பிரதேச சபையிலும் நடக்கக் கூடாது என்பதற்காகச் சட்டமே மாற்றப்பட்டது. 2016 ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தின் மூலம் உள்ளூராட்சி மன்றங்களில் 25 வீத இடம் பெண்களுக்கென ஒதுக்கப்பட்டது. அதற்கு முன்னர் நாடு முழுவதும் உள்ளூராட்சி உறுப்பினர்களில் பெண்கள் 2 வீதம்கூட இருக்கவில்லை. புதிய முறையில் முதல் தேர்தல் 2018 பெப்ரவரி 10 இல் நடந்தது. அந்தச் சபைகளின் காலம் 2023 மார்ச்சில் முடிந்தது. அடுத்த தேர்தல் பிற்போடப்பட்டு, ஈராண்டுக்கு மேல் மக்கள் பிரதிநிதிகள் இல்லாமல் கிடந்து, 2025 மே 6 இல்தான் நடந்தது. சித்திரைக் கொண்டாட்டம் முடிந்து, வைகாசிச் சடங்குக்கு ஊர் ஆயத்தமாகும் இளவேனில் நாளொன்றில் நாங்கள் வாக்களித்தோம்.

ஆகவே இப்போது உங்கள் சபையிலும் பெண் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பெயர் உங்களுக்குத் தெரியுமா? அவர்கள் வாய் திறந்து பேச வேண்டுமானால் பின்னால் நாங்கள் நிற்க வேண்டும். தனியே பேசுகிற பெண்ணை அடக்குவது எளிது. ஐம்பது பெண்களின் கையெழுத்தோடு பேசுகிறவளை அடக்குவது எளிதல்ல.

எனக்குத் தெரிந்த ஓர் உட்கிராமத்தில் நடந்ததைச் சொல்கிறேன். சித்திரை, வைகாசியில் அங்கே கிணறுகள் வற்றிவிடும். குடிதண்ணீர் பவுசரில் வரும். தாங்கி இருந்ததோ பிரதான வீதியோரம். உள் ஒழுங்கைகளில் இருந்தவர்கள் பெரும்பாலும் பெண் தலைமை தாங்கும் குடும்பங்கள். அவர்கள் குடத்தோடு போய்ச் சேரும்போது தண்ணீர் முடிந்திருக்கும். "தண்ணி இல்லை" என்று எல்லாரும் சொன்னார்கள். யாருக்கு, எத்தனை வீட்டுக்கு இல்லை என்று எவரிடமும் எழுத்தில் இருக்கவில்லை.

அந்த ஊரில் மடிப்பிச்சை அரிசிக் கணக்கை வைத்திருப்பவர் ஒரு மாமி. 1990 இல் கணவர் காணாமல் ஆக்கப்பட்ட பின் மூன்று பிள்ளைகளைத் தனியே வளர்த்தவர். 2007 இல் ஊரோடு இடம்பெயர்ந்து, முகாமில் இருந்து திரும்பியவர். அவருடைய கொப்பியில் ஒழுங்கை ஒழுங்கையாக ஒவ்வொரு வீடும், ஆட்களின் எண்ணிக்கையும் இருந்தது. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்துப் பெண்கள் அந்தக் கொப்பியைப் பார்த்தே 40 இற்கும் மேற்பட்ட வீடுகளின் பட்டியலைத் தயாரித்தார்கள். இதைச் சபைக்குக் கொண்டுபோவதா என்று சிலர் தயங்கினார்கள். பெண்கள் கந்தோருக்கு அலைந்தால் ஊர் என்ன சொல்லும் என்றார்கள். மாமி சொன்னார்: "அரிசி கேட்டு வீடு வீடாப் போறம். அதுக்கு ஒருத்தரும் ஒண்டும் சொல்லல்ல. தண்ணி கேட்டு ஒபிசுக்குப் போனா மட்டும் குறைஞ்சா போயிருவம், மகள்?"

மூன்று முறை போனார்கள். முதல் முறை உரிய அதிகாரி இல்லை. இரண்டாம் முறை கடிதத்தைக் காணவில்லை என்றார்கள்; கையில் பிரதி இருந்ததால் அங்கேயே மீண்டும் கொடுத்தார்கள். மூன்றாம் முறை வட்டார உறுப்பினரையும் கூட்டிக்கொண்டு போனார்கள். உள் ஒழுங்கைக்கு இரண்டாவது தாங்கி வந்தது. கூடவே கேட்ட தெரு விளக்குகள் இன்னும் வரவில்லை. அதையும் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

அந்தக் கொப்பி புதிதாக எழுதப்பட்டதல்ல என்பதைக் கவனியுங்கள். பெண்கள் ஏற்கெனவே செய்துவந்த வேலைதான் அது. அதைத் தீர்மானம் எடுக்கும் இடத்துக்குக் கொண்டுபோனது மட்டுமே புதிது.

இதை நீங்களும் செய்யலாம். அதற்குச் சில விடயங்களை அறிந்திருப்பது நல்லது.

பிரதேச செயலகமும் பிரதேச சபையும் ஒன்றல்ல. அஸ்வெசும, காணி, பிறப்பு இறப்புப் பதிவு போன்றவற்றுக்கு நாங்கள் போவது பிரதேச செயலகத்துக்கு. தெரு விளக்கு, உள்ளூர் வீதி, வடிகான், குப்பை, சந்தை, மயானம், பொது நூலகம் என்பவை பிரதேச சபையின் பொறுப்பு. அச்சபை எங்கள் வாக்கில் உருவானது. 1987 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின்படி, உறுப்பினரல்லாத ஊரவர்களையும் சேர்த்து ஆலோசனைக் குழுக்களை அமைக்க இடமுண்டு. அப்படியொரு குழு உங்கள் சபையில் உண்டா, அதில் பெண்கள் உண்டா என்று கேளுங்கள்.

அடுத்தது காலம் பற்றியது. எங்கள் தேவைகள் கண்ணுக்குத் தெரிவது இந்த இளவேனிலில். தண்ணீர் வற்றும்போதும், சடங்குக்கு இரவில் நடந்து வரும்போது விளக்கில்லாத இடங்களைக் காணும்போதும், சந்தைக்கு வந்த பெண்களுக்கு மலசலகூடம் இல்லாதபோதும் குறை தெரிகிறது. ஆனால் அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டம் ஆண்டின் கடைசி மாதங்களில் தயாராகிறது. அப்போது எங்கள் பக்கத்தில் மாரி மழை. உள்வீதிகள் வெள்ளத்தில் கிடக்கும். பெண்கள் நகரத்துக்கு வர முடியாத அந்த நாட்களிலேயே காசு பங்கிடப்படுகிறது. ஆகவே கண்ட குறைகளை இப்போதே எழுதிவைத்து, மழைக்கு முன், ஆவணி புரட்டாதிக்குள் சபைக்குக் கொடுத்துவிடுங்கள்.

கடிதத்தில் இடம், பாதிக்கப்படும் வீடுகளின் தொகை, என்ன வேண்டும் என்பவற்றைச் சுருக்கமாக எழுதுங்கள். பிரதி ஒன்றை வைத்துக்கொண்டு அதில் திகதியும் கையொப்பமும் வாங்குங்கள். பதில் வராவிட்டால், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், உங்கள் வட்டாரத்துக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது, என்ன செலவானது என்று கேட்கலாம். தமிழிலேயே கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்பதைத் தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானித்து அறிவிக்க வேண்டும்.

சங்கக் கூட்டங்களின் நேரத்தைப் பற்றியும் வாய் திறந்து பேசுங்கள். மாலை ஆறு மணிக்குக் கூட்டம் வைத்துவிட்டுப் பெண்கள் வருவதில்லை என்று முறையிடுவது நியாயமல்ல. பிள்ளைகளைப் பாடசாலைக்கு விட்ட பின் காலை பத்து மணிக்கு வைத்தால் வருவார்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்று தெரிந்தவரே கூட்ட நேரத்தைத் தீர்மானிக்க வேண்டும்.

"எங்களுக்கு என்ன தெரியும் மிஸ்" என்று பல சகோதரிகள் சொல்லக் கேட்கிறேன். பொது வாழ்க்கை எங்களுக்குப் புதிதல்ல. 1984 இல் யாழ்ப்பாணத்தில் பிள்ளைகளுக்காக அன்னையர் முன்னணியாகத் திரண்டவர்கள் வீட்டுப் பெண்கள். 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோருக்காக வீதியோரம் உட்கார்ந்தவர்களில் பெரும்பாலானோர் தாய்மாரும் மனைவியரும். முகாமில் நிவாரண அட்டைக்கும், தடுப்பிலுள்ள பிள்ளையைப் பார்க்கும் அனுமதிக்கும், மரணச் சான்றிதழுக்கும் எத்தனை கந்தோர் வாசல்களில் நின்றோம்? அன்று துயரத்துக்காகப் படித்த பாடம் அது. விளக்குக்காகவும் தண்ணீருக்காகவும் அதை இன்று பயன்படுத்துவதில் வெட்கமென்ன?

பயம் இருக்கும். பெயர் எழுதும் இடமெல்லாம் பயந்து பழகிய உடம்பு இது. அதனால் தனியே போகாதீர்கள். இரண்டு மூன்று பேராகப் போங்கள். கணவனை இழந்த சகோதரியை முன்னால் அழைத்து, உங்கள் பக்கத்தில் இருத்திக்கொள்ளுங்கள்.

இந்த வைகாசியில் சடங்கு முடிந்து, பானை கழுவி, எல்லாரும் களைத்து இருக்கும் நேரம் ஒன்று வரும். அப்போது அரை மணித்தியாலம் கலையாமல் இருங்கள். அரிசிக் கொப்பியின் கடைசிப் பக்கத்தைத் திறந்து, உங்கள் ஊருக்குத் தேவையான மூன்று விடயங்களை எழுதுங்கள். யார் கொண்டுபோவது, எந்தக் கிழமை போவது என்பதையும் அங்கேயே தீர்மானியுங்கள். என்ன எழுதினீர்கள் என்று எங்களுக்கும் கடிதம் போடுங்கள். அடுத்த இதழில் அவற்றோடு சந்திப்போம்.