கூறைப் பட்டுக்கு முன்னால் ஒரு கூடு இருக்கு



"கைத்தறி வாங்குவோம், நெசவாளரைக் காப்போம்" என்று நாம் அடிக்கடி எழுதுகிறோம். எழுதத்தான் வேணும். ஆனால் நம்முடைய பேச்சு எப்பவும் தறியோட நின்று போகிறது. தறிக்கு நூல் எங்கிருந்து வருகுது, நூலுக்குக் கூடு எங்கிருந்து வருகுது, அந்தக் கூட்டைக் கட்டின புழுவுக்கு இரவும் பகலும் இலை போட்டது ஆர் என்று கேட்கிற ஆட்கள் குறைவு. லாசப்பலில் ஒரு சேலைக்கடையில் நான் ஒருக்கா கேட்டுப் பார்த்தேன். "தங்கச்சி, எல்லாம் காஞ்சிபுரம்தான்" என்று பதில் வந்தது. காஞ்சிபுரத்தில் நெசவு இருக்கு. கூடு விளைகிற இடம் வேறு.

முதுகலைப் படிப்புக்காக நான் பார்த்துக்கொண்டிருப்பது பிரான்சின் தெற்கே, செவென் மலைப்பகுதியின் பழைய பட்டுக்கூட்டுக் கணக்குகளை. 1853இல் பிரான்சில் 26,000 தொன் கூடு விளைந்தது. அதில் பெரும்பங்கு இந்த மலைப்பக்கமும் றோன் பள்ளத்தாக்கும். மல்பெரியை அங்கத்தைய சனம் "தங்க மரம்" என்று கூப்பிட்டது. பெண்கள் முட்டைகளைச் சின்னத் துணிப்பையில் போட்டு உடுப்புக்குள் கட்டிக்கொண்டு, தங்கட உடம்புச் சூட்டில் பொரிக்க வைத்தார்கள். பன்னிரண்டு வருஷம் கழித்து, 1865இல், கணக்கு வெறும் 4,000 தொன்.

இதுக்கு இங்கே பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிற கதை ஒன்று உண்டு. பெப்ரின் என்ற நோய் வந்தது, புழு செத்தது, லூயி பாஸ்தர் வந்து காப்பாற்றினார். பாஸ்தர் 1865இல் அலெஸ் நகரத்துக்கு வந்தது உண்மை. முட்டையிட்ட தாய் அந்துப்பூச்சியை நசுக்கி நுண்ணோக்கியில் பார்த்து, நோய் இருந்தால் அந்த முட்டைகளைக் கழித்துவிடுகிற முறையை அவர் நிலைநிறுத்தினார். இன்றைக்கும் இந்தியாவின் முட்டை உற்பத்தி நிலையங்களில் அதே வேலைதான் நடக்கிறது. நல்ல விஞ்ஞானம், அதில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை.

ஆனால் நோய் அடங்கின பிறகும் 26,000 திரும்பி வரவேயில்லை. புழு பிழைத்துவிட்டது, விலை பிழைக்கவில்லை. நோய்க்காலத்திலேயே லியோன் வியாபாரிகள் சீன, ஜப்பான் நூலுக்குப் பழகிவிட்டார்கள். 1869இல் சுயஸ் கால்வாய் திறந்தது. அதுக்குப் பிறகு செவென் விவசாயக் குடும்பத்தின் உழைப்பு, கடலுக்கு அந்தப் பக்கம் அதைவிடக் குறைந்த கூலிக்கு உழைத்த இன்னொரு குடும்பத்தின் உழைப்போடு தராசில் வைக்கப்பட்டது.

பிறகு நடந்ததுதான் நமக்கு முக்கியம். கூடு வளர்த்தவர்கள் வெளிநாட்டு நூலுக்கு வரி போடு என்றார்கள். நெசவுத் தொழில்காரர் போடாதே, எங்கட தறி நின்றுபோகும் என்றார்கள். 1892இல் அரசு எடுத்த முடிவு: கச்சாப் பட்டுக்கு வரி இல்லை, அதுக்குப் பதிலாகக் கூடு வளர்ப்பவருக்குக் கிலோவுக்கு 50 சதம் ஊக்கத்தொகை. சந்தை விலை ஏறினாலும் விழுந்தாலும் அதே தொகைதான். சரிவை அது மெதுவாக்கியது, நிறுத்தவில்லை. செவெனில் கடைசிப் பட்டு நூற்பாலை 1965இல் மூடியது. அந்தக் கட்டடம் இப்ப அருங்காட்சியகம்.

(லியோனுக்குப் போகிற இடதுசாரிகள் எல்லோரும் குவா-ரூஸ் மேட்டில் ஏறி, 1831இலும் 1834இலும் கிளர்ந்த பட்டு நெசவாளரை நினைத்துப் படம் எடுத்துக்கொண்டு வருவார்கள். நானும் எடுத்திருக்கிறன். அந்த நெசவாளருக்கு நூல் கொடுக்கக் கொதிநீரில் விரல் வைத்த மலைக்கிராமப் பெண்களுக்கு அப்படி ஒரு மேடு இல்லை.)

செவெனில் இறங்கின கோடு ஜப்பானில் ஏறியது. 1872இல் குன்மா மாகாணத்தின் தொமியோக்காவில் ஜப்பான் அரசு நிறுவின நூற்பாலையை அமைத்துக் கொடுத்தவர், லியோன் பட்டு வியாபாரத்துக்காக யோக்கஹாமாவில் வேலை செய்த போல் ப்ருனா என்ற பிரெஞ்சுக்காரர். 1929 அளவில் ஜப்பானில் 22 இலட்சம் குடும்பங்கள் புழு வளர்த்தன. விவசாயக் குடும்பங்களில் ஐந்தில் இரண்டு! 1930இல் விளைச்சல் ஏறக்குறைய 4 இலட்சம் தொன். அந்த நூலில் பெரும்பகுதி அமெரிக்காவுக்குப் போனது. அதே வருஷம் உலக நெருக்கடியில் கூட்டு விலை பாதிக்கும் கீழே விழுந்தது. மல்பெரியை நம்பி நெல்லை விட்ட நகானோ மாகாணத்துக் கிராமங்கள் கடனில் மூழ்கின. மஞ்சூரியாவுக்குக் குடியேற்றவாசிகளை அரசு அனுப்பினபோது ஆகக் கூடின ஆட்கள் போனது நகானோவில் இருந்துதான். கூட்டு விலையால் வீழ்ந்த விவசாயியை வைத்து இன்னொரு விவசாயியின் நிலத்தைப் பறித்தார்கள். குடியேற்றத் திட்டம் என்றால் என்ன என்று நம்முடைய சனத்துக்கு நான் விளக்கத் தேவையில்லை.

நைலான் வந்தது, போர் வந்தது. அப்படியிருந்தும் 1960களின் கடைசியில் ஜப்பானில் வருஷம் ஒரு இலட்சம் தொன்னுக்கு மேல் கூடு விளைந்தது. இப்ப 100 தொன்கூட இல்லை. வரைபடத்தில் பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இறங்குகிற கோடு. ஆனால் 1930இல் இறங்கினது பசி. 1970களுக்குப் பிறகு இறங்கினதில் பெரிய பங்கு, தொழிற்சாலையில் இதைவிட நல்ல சம்பளம் கிடைத்த பிள்ளைகள் இலை பறிக்க மாட்டோம் என்று போனது. இந்த இரண்டாவது இறக்கத்துக்காக நான் அழமாட்டன். "அழிந்துவரும் பாரம்பரியம்" என்று கண்ணீர் வடிக்கிற கட்டுரைகள் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதேயில்லை.

சீனாவிலும் இதே நகர்வுதான், நாட்டுக்கு உள்ளேயே. ஜியாங்சுவும் ஜெஜியாங்கும் பணக்கார மாகாணங்கள் ஆக, கூடு தென்மேற்கே குவாங்சிக்குப் போனது. 2005இல் இருந்து குவாங்சிதான் முதலிடம். அடுத்த வருஷமே அரசு "கிழக்கு மல்பெரி மேற்கே" என்று அதுக்கு ஒரு திட்டப் பெயரும் வைத்தது.

இப்ப இந்தியாவுக்கு வருவம். அங்கே கோடு ஏறுகிறது. 2023-24இல் மல்பெரிக் கச்சாப் பட்டு மட்டும் ஏறக்குறைய 30,000 தொன். ஆனால் முதலிடத்தில் இருக்கிற கர்நாடகத்தில் 1990களின் தொடக்கத்தில் ஒன்றரை இலட்சம் ஹெக்டேருக்கு மேல் இருந்த மல்பெரி நிலம் 2000களின் நடுவில் ஒரு இலட்சத்துக்கும் கீழே போனது. நிலம் சுருங்கியும் விளைச்சல் கூடியதுக்குக் காரணம் உண்டு. 1991 முதல் 2007 வரை, தன் வீட்டில் பட்டு மறைந்துகொண்டிருந்த ஜப்பான், இந்தியாவுக்கு வெண்பட்டுக்கூடு வளர்க்கத் தொழில்நுட்பம் கொடுத்தது. நல்ல இனங்கள், இளம்புழுவைத் தனி மையத்தில் வளர்த்துக் கொடுக்கிற ஏற்பாடு, இலையாகப் பறிக்காமல் கிளையாக வெட்டிப் போடுகிற முறை எல்லாம் வந்தன. தமிழ்நாட்டில் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இது நன்றாக வேர்விட்டது.

அரசாங்கச் சுவரொட்டிகளில் இது வெற்றிக்கதை. ஆனால் கூட்டின் தன்மையைப் பாருங்கள். ஏறக்குறைய 25 நாள் வளர்ப்பு. அதில் இலையின் பெரும்பகுதியைப் புழு தின்பது கடைசி ஒரு வாரத்தில். வீட்டுப் பெண்கள் நித்திரை கொள்ளாத வாரம் அது. கூடு கட்டி முடிந்தால் பத்துப் பன்னிரண்டு நாளில் உள்ளே இருக்கிற பூச்சி ஓட்டை போட்டு வெளியே வந்துவிடும். அதுக்குள் விற்க வேணும். வைத்திருக்கிற ஒவ்வொரு நாளும் எடை குறையும். நெல்லை மூட்டை கட்டி விலை ஏறும் வரை வைத்திருக்கிற மாதிரி கூட்டை வைத்திருக்க ஏலாது. அங்காடியில் ஏலத்தில் என்ன விலை போகிறதோ அதுதான். உற்பத்தி கூடினது என்ற அட்டவணையில் இந்தப் பலவீனத்துக்கு ஒரு நிரலும் இல்லை.

2011 பட்ஜெட்டில் இந்திய அரசு கச்சாப் பட்டு இறக்குமதி வரியை 30 சதவீதத்தில் இருந்து 5 சதவீதமாகக் குறைத்தது. நெசவுத் தொழில் கேட்டது, நூல் விலை தாங்கவில்லை என்று. அந்த வருஷமே ராமநகர அங்காடியில் கூட்டு விலை சரிந்து விவசாயிகள் வீதிக்கு வந்தார்கள். 1892இன் அதே சண்டை: தறிக்கு மலிவு நூல் வேணும், கூட்டுக்கு விலை வேணும்.

இதில் இடதுசாரிகள் பலர் நழுவுகிறார்கள். நெசவாளரும் நம்மாள், விவசாயியும் நம்மாள், அதனால் பேசாமல் விடுவம் என்று. பேசாமல் விட்டால் கட்டாயம் தோற்கிறது கூடு வளர்க்கிற பக்கம், ஏனென்றால் அந்தப் பக்கத்தின் பெயர்கூட நமக்குத் தெரியாது. இரண்டுக்கும் நடுவில் நூல் எடுக்கிற தொழிலாளி இருக்கிறாள். மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2003இல் வெளியிட்ட அறிக்கை, கர்நாடக நூற்பு நிலையங்களில் கொத்தடிமைப் பிள்ளைகள் கொதிநீரில் கைவைத்து வேலை செய்ததைப் பதிந்தது. நூலை மலிவாக்குவது என்றால் முதலில் மலிவாகிறது இந்தக் கைகள்.

கணக்கைக் கொஞ்சம் போடுவம். ஒரு கிலோ கச்சாப் பட்டுக்கு ஆறரை, ஏழு கிலோ நல்ல கூடு வேணும். பசை நீக்கும்போது போகிற எடையையும் சேர்த்து, அரைக் கிலோ பட்டுள்ள ஒரு கூறைக்கு நாலைந்து கிலோ கூடு என்று வையுங்கள். கிலோ 600 ரூபாய்க்குப் போனால், ஐந்து கிலோவுக்கு 3,000 ரூபாய், கிட்டத்தட்ட 30 யூரோ. அதே கூறைக்கு இங்கே நாம் 500 யூரோ எண்ணி வைக்கிறோம். கூட்டுக்கு விலை இரட்டித்தாலும் சேலையில் கூடுவது 30 யூரோ. கல்யாண வீட்டில் கேக்குக்கே அதைவிடக் கனக்கச் செலவழிக்கிற சனம் நாங்கள்.

ஆகவே என் நிலைப்பாடு: கூட்டுக்கு உற்பத்திச் செலவை ஒட்டி, வருஷா வருஷம் திருத்துகிற அடிப்படை விலை வேணும். 1892 மாதிரி நிரந்தரமாக ஒரு 50 சதம் போதாது. அந்த விலையில் எடுத்த நூலை நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்குக் குறைத்துக் கொடுக்கிற வித்தியாசத்தை அரசு ஏற்க வேணும். புதிதாக ஒன்றையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை. காஞ்சிபுரத்தில் டான்சில்க் என்ற கூட்டுறவு இணையம் சங்கங்களுக்கு நூல் கொடுத்துக்கொண்டுதான் இருக்கிறது. அடுத்த முறை நம்முடைய கைத்தறி அறிக்கை எழுதும்போது இந்த இரண்டு வரியையும் சேர்க்கச் சொல்லிக் கேட்கிறேன். சேர்க்கக் கூடாது என்று நினைக்கிறவர்கள் மடலுக்குப் பதில் போடுங்கள், சண்டை பிடிப்பம்.