ஒரே பெயரில் உணவும் நஞ்சும்

இலைக்கன் என்பது தனியோர் உயிரன்று, பங்கசும் அல்காவும் சேர்ந்து நடத்தும் கூட்டுக் குடித்தனம் என்று விஞ்ஞான வகுப்பிற் படித்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 1860களின் பிற்பகுதியில் சுவிஸ் தாவரவியலாளர் சுவெண்டனர் முன்வைத்த கருத்து அது. கலைப்பிரிவிற் பயின்ற நாம் இத்துறையில் தலையிடுவது சற்று அதிகப்பிரசங்கித்தனமே; எனினும் இச்செய்தியைச் சொல்லாது விட மனம் வரவில்லை.

வட அமெரிக்காவின் மேற்கு மலைக்காடுகளில், ஊசியிலை மரக்கிளைகளிலிருந்து கூந்தலைப்போல் தொங்கும் கபிலநிற இலைக்கன் ஒன்றுண்டு. செக்வெப்பெம் முதலான பூர்வீகக் குடிகள் அதைப் பறித்துக் கழுவி, நிலத்திற் குழிதோண்டி, சூடாக்கிய கற்களின்மேல் நெடுநேரம் அவித்து உண்டு வந்தனர். சிலருக்கு அது பஞ்சகால உணவு. வேறு சிலருக்கோ விருப்பமான பண்டம். அதே காடுகளில், தோற்றத்தில் அதனை ஒத்த, மஞ்சட் சாயல் கொண்ட இலைக்கனும் தொங்குகின்றது. அதில் வல்பினிக் அமிலம் என்னும் நஞ்சு மிகுதி. பறிப்போர் நிறத்தையும் கசப்பையும் கொண்டு இதனை விலக்கினர். பிழைத்தால் குடும்பமே நோயில் விழும்.

தாவரவியலாளரும் இவற்றை பிரயோரியா பிரீமொண்டி, பிரயோரியா டோர்ட்டுவோசா என ஈரினங்களாகவே கொண்டிருந்தனர். 2009இல் வெளியான பரம்பரையலகு ஆய்வு அதனைப் புரட்டிப்போட்டது. இரண்டிலும் பங்கசு ஒன்றே, அல்காவும் ஒன்றே! இலைக்கனுக்கு இடும் பெயர் விதிப்படி அதன் பங்கசுக்கே உரியது. ஆகவே டோர்ட்டுவோசா என்னும் பெயர் கைவிடப்பட்டது. அப்படியாயின் ஒன்று உணவாகவும் மற்றது நஞ்சாகவும் இருப்பதெப்படி? உண்டு அறிந்தவர்களின் நாக்கு பொய் சொல்லியிராது என்பதே நமது எண்ணம்.

மொன்டானாப் பல்கலைக்கழகத்தில் இவ்வினாவைத் தொடர்ந்த டோபி ஸ்பிரிபில், இரண்டிலும் தொழிற்படும் பரம்பரையலகுகளை ஒப்பிட்டார். முதலில் எவ்வித வேறுபாடும் அகப்படவில்லை. அறியப்பட்ட பங்கசுக்கு அப்பாலும் தேடலை விரித்தபோதுதான் மூன்றாவது குடித்தனக்காரர் வெளிப்பட்டார்: வெளிப்படையினுள் மறைந்து வாழும் ஒருவகை மதுவம். மஞ்சள் இலைக்கனில் அது மிகுதியாகக் காணப்பட்டது. உலகின் பல பாகங்களைச் சேர்ந்த 52 இலைக்கன் சாதிகளிலும் இத்தகைய மதுவங்கள் இருந்தமை 2016இல் ‘சயன்ஸ்’ சஞ்சிகையில் வெளியாயிற்று. நூற்றைம்பது ஆண்டுகளாக உருப்பெருக்கியின் கீழ் வைத்துப் பார்த்தும் அது கண்ணிற் படவில்லை!

மதுவம் மிகுந்தவிடத்து நஞ்சும் மிகுதி என்பதையே அவ்வாய்வு காட்டிற்று. மதுவமே நஞ்சை ஆக்குகின்றது என்று அது நிறுவவில்லை. பெயரிடும் விதியோ மதுவத்தைப் பொருட்படுத்துவதில்லை. உண்பதற்குரியதும் விலக்கற்குரியதும் பிரயோரியா பிரீமொண்டி என்ற ஒரே பெயரிலேயே அடங்கியுள்ளன.