எச்சரிக்கை கொடுத்தாச்சு, காணி எங்கே?

ஒவ்வொரு மண்சரிவுக்குப் பிறகும் கொழும்பிலிருந்து ஒரே பாட்டுத்தான் கேட்குது. ட்ரோன் வேண்டும், செய்மதிப் படம் வேண்டும், மலையில் கருவி பொருத்த வேண்டும், கைத்தொலைபேசிக்குச் செயலி வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் நாடு முழுக்க 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. பதுளை, கண்டி, நுவரெலியா மலைகள் சரிந்தன. உடனே அதே பாட்டு இன்னும் சத்தமாக. கேட்டால் ஏதோ இந்த நாட்டுக்குத் தொழில்நுட்பம் தெரியாததால்தான் லயத்துச் சனம் மண்ணுக்குள்ள போகுது என்று நினைக்கத் தோன்றும்.

அது பொய். இந்த நாட்டுக்குத் தொழில்நுட்பம் நன்றாகவே தெரியும். அதை வெளிநாட்டுக்கே கொடுத்த நாடு இது.

2004 டிசம்பர் 26 சுனாமி வந்தபோது கொழும்பில் இருந்த மென்பொருள் இளைஞர்கள் ஒன்றுகூடி, சம்பளம் வாங்காமல், சில வாரங்களுக்குள் ஒரு மென்பொருளை எழுதினார்கள். பெயர் 'சஹானா'. சிங்களத்தில் நிவாரணம் என்று அர்த்தம் வரும் சொல். காணாமல் போனவர் யார், எந்த முகாமில் எத்தனை பேர், எந்த அமைப்பு எங்கே வேலை செய்யுது, எங்கே என்ன தேவை என்று பதிகிற மென்பொருள். யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பாவிக்கலாம். 2005 ஒக்டோபரில் காஷ்மீர் பூகம்பத்துக்குப் பிறகு பாகிஸ்தானில் அதைப் பாவித்தார்கள். 2006இல் இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா பூகம்பத்திலும், 2010இல் ஹெய்ட்டி பூகம்பத்திலும் அது வேலைக்கு வந்தது. பூகம்பம் வந்த நாட்டுக்கெல்லாம் ஆட்களை எண்ணிக் கணக்கெடுக்கக் கருவி கொடுத்தது இலங்கை. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான், மறுக்கவில்லை.

இப்போ மீரியபெத்தைக்கு வருவோம். 2014 ஒக்டோபர் 29, காலை ஏழரை மணியளவில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. சஹானா எழுதிப் பத்து வருடம் ஆகப்போகிற நேரம். மண்ணுக்குள் எத்தனை பேர்? முதல் நாளில் இருநூறுக்கும் மேல் என்றார்கள். பிறகு நூறு என்றார்கள். கடைசியில் நாற்பதுக்குக் கீழே வந்து நின்றார்கள். கிராம உத்தியோகத்தரின் பதிவேடுகளும் மண்ணோடு போய்விட்டன என்று ஒரு காரணம் சொன்னார்கள். ஹெய்ட்டியில் ஆட்களை எண்ண உதவிய நாடு, பதுளையில் ஒரு தோட்டத்துச் சனத்தை எண்ண முடியாமல் பள்ளிக்கூட முகாமில் நின்று தலை எண்ணியது.

ஏன் அப்படி? மென்பொருளுக்கு உள்ளே போடப் பெயர் வேண்டும். எங்க பெயர் எங்கே இருக்கு? தோட்டத்து ஆபிஸ் செக்ரோலில் இருக்கு. அதுவும் வேலை செய்கிறவர் பெயர் மட்டும். வேலையை விட்டு நின்ற அப்பாயி அதில் இல்லை. கொழும்பில் கடையில் நிற்கிற தம்பி தீபாவளிக்கு வந்திருந்தாலும் அதில் இல்லை. தொட்டில் பிள்ளை இல்லவே இல்லை. லயத்துக் காம்பராவுக்கு வீட்டு இலக்கம் கிடையாது, கடிதம் தோட்டத்து ஆபிஸுக்கு வந்து கைமாறித்தான் வீட்டுக்கு வரும். இருநூறு வருடமாக எங்களைக் கொழுந்துக் கிலோவில் எண்ணிப் பழகிய ஒரு முறைக்கு, ஆளாக எண்ணத் தெரியவில்லை. இந்தக் குறையை எந்த ட்ரோனும் மேலே பறந்து தீர்க்காது.

அடுத்து வரைபடம். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 1990இல் மண்சரிவு அபாய வரைபட வேலையைத் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட மாவட்டங்களே பதுளையும் நுவரெலியாவும்தான். ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டத்தின் உதவியும் இருந்தது. அதாவது, எந்தச் சரிவு ஆபத்து என்று நாட்டிலேயே முதலில் பார்க்கப்பட்ட இடங்களில் எங்க மாவட்டம் ஒன்று. மீரியபெத்தைக்கு 2005இலும் 2011இலும் எச்சரிக்கை கொடுத்திருந்ததாக 2014இல் அதிகாரிகளே சொன்னார்கள். சொன்ன தொனியைக் கவனிக்க வேண்டும். "நாங்க அப்பவே சொன்னோம், அவங்கதான் போகல." செத்தவர் மேலேயே பழி.

சரி, போகவில்லை. எங்கே போக வேண்டும்? அதை யாரும் சொல்லவில்லை. "இந்த இடம் ஆபத்து, எழும்பு" என்று சொல்லிவிட்டு "இதோ இந்த இடத்துக்குப் போ" என்று சொல்லாத காகிதத்துக்குப் பெயர் எச்சரிக்கையா? அது அதிகாரி தன் கையைக் கழுவிக்கொள்ளும் தண்ணி. நாளைக்கு விசாரணை வந்தால் கோப்பில் காட்ட ஒரு தாள்.

கிராமத்தில் சொந்தக் காணியில் இருக்கிறவருக்கு இந்த எச்சரிக்கை வந்தால் அவரும் கஷ்டப்படுவார், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அவர் கையில் உறுதி இருக்கு, விற்கலாம், இன்னொரு துண்டில் ஒரு குடிசை போடலாம், நட்டஈடு கேட்கும்போது காட்ட ஒரு தாள் இருக்கு. லயத்தில் இருக்கிறவர் தன் காம்பராவுக்குப் பின்னால் ஒரு கக்கூஸ் கட்டவே துரையிடம் கேட்க வேண்டும். காணி அரசாங்கத்துடையது. 1992இல் நிர்வாகத்தைக் கம்பனிகளுக்குக் கொடுத்தார்கள், காணியைக் குத்தகைக்கு விட்டார்கள். இப்போ ஒரு லயத்தை ஆபத்தில்லாத இடத்துக்கு மாற்ற வேண்டுமென்றால் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அறிக்கை எழுத வேண்டும், பிரதேச செயலகம் கடிதம் போட வேண்டும், தோட்ட நிர்வாகம் கம்பனியைக் கேட்க வேண்டும், கம்பனி தேயிலை நிற்கிற காணியை விட மனம் வைக்க வேண்டும், அமைச்சு அனுமதி கொடுக்க வேண்டும். தன் சொந்தக் காணியை விடச் சொல்லிக் குத்தகைக்காரனிடம் அரசாங்கமே கெஞ்சி நிற்கிற கூத்தை வேறு எங்கே பார்க்கலாம்?

பிரதேச சபையும் உதவிக்கு வரவில்லை. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின்படி சபை தோட்டத்துக்குள் செலவு செய்யத் தடை இருந்தது. எங்க வாக்கில் தெரிவான உறுப்பினர் எங்க லயத்துக்கு ஒரு கானை வெட்டிக்கொடுக்க முடியாது. 2018இல்தான் சட்டத்தைத் திருத்தினார்கள். மண்சரிவில் கான் சின்ன விஷயம் இல்லை. மழைத்தண்ணி ஒழுங்காக ஓட வழியில்லாமல் சரிவுக்குள் இறங்குவதுதான் மண்ணைக் கனமாக்கி, பிடிமானத்தைத் தளர்த்தி, கீழே தள்ளும். கானைச் சுத்தமாக வைத்திருப்பதும் தொழில்நுட்பம்தான். அதற்கு மண்வெட்டி போதும். அதனால்தானோ என்னவோ யாரும் அதைப் பற்றி மாநாடு வைப்பதில்லை.

எச்சரிக்கை எப்படி வந்து சேருது என்பதையும் பார்க்கலாம். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை என்றால் மஞ்சள், 100 என்றால் செம்மஞ்சள், 150 என்றால் சிவப்பு, சிவப்பு என்றால் வெளியேறு. விஞ்ஞானம் சரி. ஆனால் அறிவித்தல் "ஹல்துமுல்லை பிரதேச செயலகப் பிரிவு" என்று வரும். அந்தப் பிரிவுக்குள் எத்தனை தோட்டம், ஒவ்வொரு தோட்டத்துக்குள்ளும் எத்தனை டிவிசன், எத்தனை லயம்! எந்த லயம் எழும்ப வேண்டும், எந்தப் பாதையால் போக வேண்டும், எந்தப் பள்ளிக்கூடம் திறந்திருக்கும் என்று அதில் இருக்காது. மொழி அடுத்த பிரச்சினை. ஹல்துமுல்லை இருமொழி நிர்வாகப் பிரிவு. தமிழில் கடிதம் போடுவது அங்கே யாரும் செய்கிற தயவு இல்லை, சட்டப்படி எங்களுக்குச் சேர வேண்டியது. அப்படியிருந்தும் டித்வா நேரத்தில்கூட அவசர அறிவித்தல்கள் தமிழில் பிந்தி வந்தன என்ற குற்றச்சாட்டு நாடு முழுக்க எழுந்தது. ஓடுகிற மண்ணுக்கு மொழிபெயர்ப்பாளர் வரும்வரை காத்திருக்கத் தெரியாது.

இன்னொரு விஷயம், இதை எந்த நிபுணரும் எழுதிப் பார்த்ததில்லை. சிவப்பு எச்சரிக்கை வந்த அன்றைக்கு வேலைக்குப் போகாவிட்டால் பேர் போடுவாங்களா? தோட்டத்தில் 'பேர்' என்றால் அன்றைய நாள் சம்பளம் என்று வெளியாருக்குத் தெரியாது. மழையில் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கோயிலுக்கோ பள்ளிக்கூடத்துக்கோ போய் இருந்துவிட்டு, ஒன்றும் நடக்காமல் மூன்று நாள் கழித்துத் திரும்பி வந்தால் மூன்று பேர் போச்சு. இப்படி இரண்டு தடவை நடந்தால் மூன்றாவது தடவை யார் எழும்புவாங்க? "மக்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்று கருத்தரங்கில் பேசுகிற ஐயாமார் தங்கள் மூன்று நாள் சம்பளத்தை வெட்டிப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

பிறகு நிவாரணம். மீரியபெத்தைச் சனம் பள்ளிக்கூடங்களில் இருந்து, அதன் பிறகு மாகல்தெனிய தேயிலைத் தொழிற்சாலைக்குள் போனது. கொழுந்து வாட்டுகிற கட்டடத்தில் குடும்பம் நடத்தினார்கள். 75 வீடுகள் கைக்கு வர 2016 ஒக்டோபர் ஆனது. இரண்டு வருடம். அரசியல்வாதி வந்து போக ஹெலிகொப்டருக்கு இடம் கிடைத்தது என்பதையும் சேர்த்து நினைவு வைத்துக்கொள்ளுங்க.

அதில் பாடம் படித்தார்களா? 2023 பெப்ரவரியில் புத்தல, வெல்லவாயப் பக்கம் நிலம் லேசாக அதிர்ந்தது. ஊவா முழுக்கப் பூகம்பப் பேச்சு, தொலைக்காட்சியில் நிபுணர்கள், நில அதிர்வு மானி பற்றிய விளக்கங்கள். அடுத்த மாதம் பூனாகலை கபரகலையில் வழக்கம்போல மழை பெய்தது, வழக்கம்போல மலை சரிந்தது, வழக்கம்போல லயங்கள் போயின. அந்தச் சனமும் பழைய தேயிலைத் தொழிற்சாலைக்குள்தான் போனது. மீரியபெத்தைக்கும் கபரகலைக்கும் இடையில் ஏறத்தாழ எட்டரை வருடம், தூரம் சில மைல். இடையில் எத்தனை செயலமர்வு நடந்திருக்கும்!

தொழில்நுட்பமே வேண்டாம் என்று நாங்க சொல்லவில்லை. சரியாகச் செய்த இடங்களைப் பார்க்கச் சொல்கிறோம். ஹெய்ட்டியில் 2010 ஜனவரி பூகம்பத்துக்குப் பிறகு 4636 என்ற இலக்கத்துக்குச் சனம் குறுஞ்செய்தி அனுப்பியது, கிரியோல் மொழியில். அதை வெளிநாட்டில் இருந்த ஹெய்ட்டிக்காரரே இரவு பகலாக மொழிபெயர்த்து, இடத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். எந்தச் சந்துக்கு என்ன பெயர் என்று ஊர்க்காரனுக்குத்தானே தெரியும். நேபாளத்தில் 2015 பூகம்பத்துக்கு முன்பே காத்மண்டு இளைஞர்கள் தங்கள் நகரத்தின் பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பாதை எல்லாவற்றையும் திறந்த வரைபடத்தில் ஏற்றி வைத்திருந்தார்கள். பூகம்பம் வந்த அன்று நிவாரணக்காரருக்கு அது கையில் இருந்தது. இரண்டிலும் கருவியைவிட முக்கியமாக இருந்தது ஊர் மொழியும் ஊர் ஆளும், முன்கூட்டியே செய்த வேலையும்.

ஆகவே அடுத்த முறை யாராவது மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு எங்க தோட்டத்துக்கு 'தொழில்நுட்ப உதவி' என்று வந்தால் இந்த நாலையும் கேட்போம்.

ஒன்று, ஆபத்து அறிக்கை எழுதினால் தமிழில் ஒரு பிரதி லயத்துக்கு வர வேண்டும். அதிலேயே மாற்றுக் காணி எது, எந்தத் திகதிக்குள் என்று இருக்க வேண்டும். அறிக்கை கிடைத்தபின் காணியை விடாத கம்பனியின் குத்தகையைத் திருத்த அரசாங்கத்துக்குத் துணிவு வேண்டும்.

இரண்டு, சிவப்பு எச்சரிக்கை நாளுக்கு முழுப் பேர். அதைக் கூட்டு ஒப்பந்தத்திலோ சம்பளச் சபைத் தீர்மானத்திலோ எழுத வேண்டும். சம்பளத்துக்கு மேசையில் உட்காரும் சங்கங்களே, உங்களைத்தான் கேட்கிறோம்.

மூன்று, ஒவ்வொரு டிவிசனிலும் மழைமானி, அதைப் பார்க்கப் பயிற்சியும் கொடுப்பனவும் உள்ள ஒரு ஆள். வேலையில்லாமல் இருக்கிற உயர்தரம் படித்த பிள்ளைகள் லயத்துக்கு லயம் இருக்காங்க.

நாலு, ஒவ்வொரு காம்பராவுக்கும் இலக்கம், அதில் இருக்கிற எல்லாருடைய பெயரும் சேர்ந்த பதிவேடு, வேலை செய்தாலும் செய்யாவிட்டாலும்.

முதல் மூன்றுக்கும் போராட வேண்டும், வருடங்கள் ஆகலாம். நாலாவதைத் தொடங்க யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை. வருகிற ஒக்டோபர் மழைக்கு முன்னால் உங்க லயத்தில் ஒரு சீஆர் கொப்பியை எடுங்க. காம்பரா வாரியாக எழுதுங்க: யார் இருக்காங்க, யாருக்கு நடக்க ஏலாது, யார் கர்ப்பிணி, கொழும்பில் இருக்கிற பிள்ளை எந்த நம்பர். வீட்டுக்காரரைக் கேட்டு, சம்மதத்தோடு எழுதுங்க, கண்டவர் கையில் கொடுக்காதீங்க. ஒரு பிரதி லயத்தில் இருக்கட்டும். இன்னொன்றைச் சரிவுக்கு வெளியே, பள்ளிக்கூடத்திலோ நம்பிக்கையான ஒரு ஆளிடமோ வையுங்க. மீரியபெத்தையில் பதிவேடும் மண்ணுக்குள் போனது என்பதை மறக்க வேண்டாம்.

கொப்பி உயிரைக் காப்பாற்றாது, காணிதான் காப்பாற்றும். ஆனால் காணி கேட்டுப் பிரதேச செயலகத்துக்குப் போகிற அன்றைக்கு, "மொத்தம் எத்தனை குடும்பம்?" என்று அந்த மேசையில் இருப்பவர் கேட்பார். அவருக்கு முன்னால் பதில் எங்க கையில் இருக்கட்டும்.