நிறுத்தும் உரிமை சாரதிக்கு வேண்டும்

மீள்குடியேறிய கிராமம் ஒன்றின் பொதுக் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு சிறிய லோடர் நிற்பதை நாம் கண்டோம். இரண்டு ரயர்கள் காற்றின்றி மண்ணில் அமர்ந்திருந்தன. வாளியின் கீழே ஒயில் வடிந்து காய்ந்திருந்தது. வீட்டு வேலைகளுக்கு மணலும் கல்லும் அள்ளவும், அத்திவாரங்களுக்கு மண் நிரப்பவும், வாடகைக்கு விட்டுச் சங்கத்துக்கு வருமானம் தேடவும் வாங்கப்பட்ட இயந்திரம் அது. "பழுதாப் போச்சுது" என்றார்கள்.

பின்னர் அதனை ஓட்டிய இளைஞரோடு பேசினோம். பம்பிலிருந்து வழமைக்கு மாறான இரைச்சல் வருவதை அவர் இரண்டு கிழமைக்கு முன்னரே சங்கத்தவர்களிடம் சொல்லியிருக்கிறார். "கையிலுள்ள வேலையை முடித்துவிட்டுப் பார்ப்போம்" என்பதே கிடைத்த பதில். வேலை முடியுமுன் பம்ப் முடிந்துவிட்டது. இது இயந்திரத்தின் குற்றமா, சாரதியின் குற்றமா, அல்லது எமது ஒழுங்கின் குற்றமா என்று நாம் கேட்க வேண்டியுள்ளது.

பலரும் 'பொப்கட்' என்று சொல்லும் இந்த ஸ்கிட் ஸ்டியர் லோடர் ஒரு கமத்துக்காகவே உருவானது. 1957 இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், பட்டறை நடத்திய கெல்லர் சகோதரர்கள், வான்கோழி வளர்க்கும் கமக்காரர் ஒருவருக்காக அதன் முதல் வடிவத்தைச் செய்தார்கள். தூண்கள் நிறைந்த கொட்டிலுக்குள் நுழைந்து, திரும்பி, எருவை அள்ளுவதே அதன் வேலை. அப்போது அதற்கு மூன்று சில்லுகள். 1960 இல் நான்கு சில்லுகளாயின. ஆகவே கமக்காரரின் அறிவுக்கு எட்டாத கருவி அல்ல இது. மாட்டையும் உழவு இயந்திரத்தையும் பராமரித்த கைகளுக்கு இதனைப் பராமரிக்கவும் முடியும்.

ஆனால் அதன் இயல்பை அறிந்திருக்க வேண்டும். அதன் சில்லுகள் கார்ச் சில்லுகளைப் போல் ஒடித்துத் திரும்புவதில்லை. ஒரு பக்கச் சில்லுகள் விரைவாகவும் மறுபக்கச் சில்லுகள் மெதுவாகவும், அல்லது எதிர்த்திசையிலும், சுழல்வதால் இயந்திரம் நிலத்தில் இழுபட்டே திரும்புகிறது. எனவே ரயர்கள் விரைவில் தேயும். கொங்கிறீற் தரையில் இன்னும் விரைவில் தேயும். ஓடுவதற்கும் தூக்குவதற்கும் ஹைட்ரோலிக் ஒயிலே உயிர். அழுக்குத் துணியால் துடைத்த ஒரு குழாய் இணைப்பு, பம்பையே அழித்துவிடக் கூடும்.

காலையில் எஞ்சின் ஒயில், றேடியேற்றர் தண்ணீர், ஹைட்ரோலிக் ஒயில் ஆகிய மூன்றின் அளவையும், ரயர்களின் காற்றையும் பார்க்க வேண்டும். டீசல் பில்ரரில் தேங்கிய தண்ணீரை வடித்துவிட வேண்டும். அசையும் மூட்டுகளுக்கு 8 முதல் 10 மணித்தியால ஓட்டத்துக்கு ஒரு தடவை கிறீஸ் அடிக்க வேண்டும். கோடைப் புழுதி றேடியேற்றரை அடைத்தால் எஞ்சின் கொதிக்கும். சருகும் வைக்கோலும் எஞ்சின் அறைக்குள் சேர்ந்தால் தீப்பிடிக்கும். எஞ்சின் ஒயில் மாற்றும் காலம் பல மாதிரிகளுக்கு 250 மணித்தியாலம், சிலவற்றுக்கு 500. எமது இயந்திரத்துக்கு எது என்பதை அதன் கைநூலில் பார்த்து, தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொட்டிற் சுவரில் ஒட்டிவிட வேண்டும்.

உயிர் சம்பந்தப்பட்ட இரண்டு விடயங்களையும் சொல்லியாக வேண்டும். தூக்கிய கைகளுக்குக் கீழே, அவற்றைத் தாங்கும் பூட்டுக் கட்டையைப் பொருத்தாமல், எவரும் குனியக் கூடாது. ஒயில் கசிவைக் கையால் தடவித் தேடவும் கூடாது. ஒரு மட்டைத் துண்டைப் பிடித்துப் பார்க்க வேண்டும். ஊசித் துவாரத்தால் பீறிடும் ஒயில் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். காயம் சிறிதாகத் தோன்றினாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தாமதித்தால் கையையே இழக்க நேரிடலாம்.

இவை தெரியாததால் மட்டும் இயந்திரங்கள் நின்றுபோவதில்லை. தெரிந்தவருக்கு அதிகாரம் இல்லாததாலேயே பல நின்றுபோகின்றன. சாரதி நாட்கூலிக்காரர், நிறுத்தினால் அன்றைய கூலி போய்விடும். சங்கத்துக்கு வாடகை போய்விடும். வீட்டுக்காரர் மாரி மழைக்கு முன் அத்திவாரம் முடிய வேண்டுமென்று அவசரப்படுகிறார். எல்லோரிடமும் நியாயம் உண்டு. ஆனால் 2022 இல் சில மாதங்களுக்குள் டொலரின் விலை சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியதையும், டீசலுக்கு நாட்கணக்கில் வரிசையில் நின்றதையும் நாம் மறக்கவில்லை. வெளிநாட்டிலிருந்து வரும் ஒரு பம்பை மீண்டும் வாங்குவது எமது சங்கங்களுக்கு இலகுவான காரியமல்ல.

ஆகவே, இயந்திரம் வைத்திருக்கும் ஒவ்வொரு சங்கமும் மூன்று தீர்மானங்களை எடுக்க வேண்டும் என்பது எமது கருத்து. முதலாவது, வாடகைப் பணத்தில் பராமரிப்புப் பங்கை எடுத்து வைத்த பின்னரே மிகுதி கணக்கில் சேர வேண்டும். இரண்டாவது, மணித்தியால மீற்றர் காட்டும் எண்ணையும் செய்த பராமரிப்பையும் ஒரு கொப்பியில் நாளாந்தம் எழுதி, மாதக் கூட்டத்தில் காசுக் கணக்கோடு சேர்த்து வாசிக்க வேண்டும். மூன்றாவது, ஏதோ பிழை என்று கண்டால் எவரையும் கேளாமல் இயந்திரத்தை நிறுத்தும் உரிமை சாரதிக்கு வேண்டும். அந்நாளின் கூலியும் குறையக் கூடாது.

மூன்றாவது தீர்மானத்துக்கே கூட்டங்களில் எதிர்ப்பு வருகிறது. வேலை செய்யாமல் கூலி பெறுவார்கள் என்கிறார்கள். பல தடவை இடம்பெயர்ந்து, ஒவ்வொரு முறையும் கையில் கிடைத்ததை மட்டும் தூக்கிக்கொண்டு ஓடிய மக்கள் நாம். ஒரு பொருளைப் பத்து வருடம் வைத்துப் பயன்படுத்தலாம் என்ற நம்பிக்கையே எம்மில் பலருக்கு விட்டுப்போயிற்று. அந்த நம்பிக்கை திரும்பி வரவேண்டுமானால், ஒரு நாட்கூலியைக் கொடுத்துப் பார்க்கலாம். அந்த இளைஞர் சொன்ன அன்றே இயந்திரத்தை நிறுத்தியிருந்தால், சங்கத்துக்கு நட்டம் சில நாள் வாடகை மட்டுமே. அடுத்த மாதக் கூட்டத்தில் இதனைப் பேசுங்கள். சாரதியையும் கூப்பிட்டு முன்வரிசையில் இருத்துங்கள்.