பிணைப்பணம் யாருடையது?

“கையொப்பம் இட்டபின் கேள்வி எதற்கு?” என்று கேட்போர் எம்மிடையே உளர். மேற்படிப்புக்கென இங்கிலாந்து செல்லும் எமது இளைஞர், அங்கே ஓர் அறையைப் பெறுவதற்காக வீட்டுத் தரகருக்குக் கட்டணம் செலுத்துவதும், அறையை விட்டு நீங்கும்போது தாம் கொடுத்த பிணைப்பணத்தை இழப்பதும் இவர்களுக்கு இயற்கை நியதியாகவே தோன்றுகின்றன. சமுதாய மாற்றம் பற்றி மேடைகளிற் பேசும் ஆசிரியர்கள் கூட, “போன பணம் போகட்டும், படிப்பைப் பார்” என்றே தம் பழைய மாணவருக்கு எழுதுகின்றனர். இவ்வறிவுரையைப் பொறுமை என்று போற்ற நாம் தயாராக இல்லை. அது சரணாகதி.

பிணைப்பணம் என்பது வாடகையன்று, வீட்டுக்காரருக்கு அளிக்கப்படும் காணிக்கையுமன்று. குடியிருக்கும் காலம் முழுவதும் அது குடியிருப்பவரின் பணமே. அதிலிருந்து ஒரு சதத்தையேனும் கழிக்க விரும்பும் வீட்டுக்காரர், அக்கழிவுக்குரிய காரணத்தைத் தாமே நிரூபித்தல் வேண்டும். இங்கிலாந்தின் 2004ஆம் ஆண்டு வீடமைப்புச் சட்டம் இதற்கென ஓர் ஏற்பாட்டைச் செய்தது. 2007 ஏப்ரில் 6ஆந் திகதி முதல், வழக்கமான தனியார் வாடகைக் குடியிருப்புகளின் பிணைப்பணம் அரசு அங்கீகரித்த பாதுகாப்புத் திட்டமொன்றின் கீழ் வைக்கப்படல் வேண்டும். பணம் கைமாறிய 30 நாட்களுள் இதனைச் செய்து, எந்தத் திட்டத்தில் வைக்கப்பட்டது என்பதையும் எழுத்தில் அறிவித்தல் வேண்டும். தவறினால், பிணைப்பணத்தின் ஒரு மடங்கு முதல் மூன்று மடங்கு வரையான தொகையைக் குடியிருப்பவருக்குக் கொடுக்குமாறு நீதிமன்றம் கட்டளையிடும். பிணக்கு எழுந்தால், இரு தரப்பாரும் இசையுமிடத்து, திட்டத்தின் நடுவர் கட்டணமின்றித் தீர்ப்பளிப்பார். எட்டு ஆண்டுகள் மிதிபட்ட கம்பளம் ஒன்று நைந்துபோயிற்று என்பதற்காகப் புதுக் கம்பளத்தின் முழு விலையையும் மாணவன் தலையிற் சுமத்த முடியாது. நியாயமான தேய்மானம் வீட்டுக்காரரின் செலவு.

இனித் தரகரின் கட்டணத்திற்கு வருவோம். விண்ணப்பக் கட்டணம், நற்சான்று பார்க்கும் கட்டணம், பொருட்பட்டியற் கட்டணம், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் கட்டணம் என்று அவர்கள் சூட்டிய பெயர்கள் பல. இவற்றையெல்லாம் 2019ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்தது. 2019 யூன் 1 முதல் புதிய ஒப்பந்தங்களுக்கும், 2020 யூன் 1 முதல் பழைய ஒப்பந்தங்களுக்கும் அத்தடை இங்கிலாந்தில் நடைமுறைக்கு வந்தது. பிணைப்பணத்திற்கும் எல்லை வகுக்கப்பட்டது. ஆண்டு வாடகை 50,000 பவுணுக்குக் குறைவாயின் ஐந்து வார வாடகைக்கு மேல் கேட்டல் ஆகாது. வீட்டை ஒதுக்கி வைப்பதற்கெனப் பெறும் முற்பணம் ஒரு வார வாடகையைத் தாண்டலாகாது. மாதம் 1,300 பவுண் வாடகையெனக் கொள்வோம். வாரத்திற்கு அது 300 பவுண். ஆகவே பிணைப்பணம் 1,500, ஒதுக்கு முற்பணம் 300. இதற்கு மேற் கேட்கப்பட்ட ஒவ்வொரு பவுணையும் திருப்பிக் கேட்கலாம். ஒப்பந்தத்தில் கையொப்பம் இருப்பினும் கேட்கலாம். சட்டம் தடுத்த கட்டணத்தை ஒப்பந்த வாசகம் உயிர்ப்பிக்க மாட்டாது. கையொப்பத்தைக் காட்டி அச்சுறுத்துவோருக்கு இதுவே விடை.

“கட்டணத்தைத் தடுத்தால் வாடகை உயரும், இறுதியில் ஏழையே அதைச் சுமப்பான்” என்பது தரகர் தரப்பின் பழைய வாதம். 2016 நவம்பரில் பிரித்தானிய நிதியமைச்சர் பிலிப் ஹமண்ட் தடையை அறிவித்தபோதும் இவ்வாதமே ஒலித்தது. ஏழைமீது தரகருக்குத் திடீரெனப் பிறந்த இக்கருணையை வியந்தவாறே அதனை ஆராய்வோம். தரகரைத் தெரிந்தெடுப்பவர் வீட்டுக்காரர். தரகர் செய்யும் பணியும் அவருக்கே. வேலைக்கு அமர்த்தியவர் கூலி கொடுப்பதே முறை. வாடகை உயர்ந்தாலும் அது வெளிப்படையான தொகை. வீட்டுக்கு வீடு ஒப்பிட்டுப் பார்த்து வேண்டாமென்று விலகலாம். கட்டணமோ, வேறு வீடு தேட நேரமில்லாதவன் சிக்கிக்கொண்ட பின்னர் நீட்டப்படும் பற்றுச்சீட்டு. அவனது அவசரமே அங்கு விற்பனைப் பொருள்.

சட்டம் பெருந்தன்மையால் வந்ததென எண்ணுவோர் 1915ஆம் ஆண்டின் கிளாஸ்கோ நகரை நினைத்தல் வேண்டும். போர்க்காலத்தில் வாடகையை உயர்த்திய வீட்டுடைமையாளரை எதிர்த்து, மேரி பார்பர் போன்ற தொழிலாளர் குடும்பப் பெண்கள் வாடகை மறுப்புப் போராட்டம் நடாத்தினர். அவ்வாண்டின் இறுதியிலேயே வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. வாடகைக்கு மேலான தனித் தொகை கேட்பதையும் அது தடுத்தது. ஆனால் உடைமை வர்க்கம் தடுக்கப்பட்ட வாசலை விட்டுப் பலகணி வழியே நுழையும் கலையை நன்கறிந்தது. (கொழும்பில் ‘கீ மணி’ என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த எமக்கு அக்கலை புதிதன்று.) முகவரி கொடுப்பதற்கும் பெயர் பதிவதற்கும் பணம் பெறுவதைத் தடுக்க 1953இல் வேறொரு சட்டம் வேண்டியதாயிற்று. ஸ்கொட்லாந்தின் கதை இன்னும் பாடம் நிறைந்தது. 1984ஆம் ஆண்டுச் சட்டமே இத்தகைய மேலதிகத் தொகைகளைத் தடுத்திருந்தும், தரகர் பல்லாண்டுகள் கட்டணம் அறவிட்டனர். 2012 நவம்பர் இறுதியில் சட்டம் ஐயத்துக்கிடமின்றித் தெளிவாக்கப்பட்டது. அங்கு குடியிருப்போர் தாம் முன்பு செலுத்திய கட்டணங்களைக் கோரிக்கைக் கடிதம் எழுதியும் வழக்கிட்டும் மீளப் பெற்றனர். ஏட்டில் உறங்கிய சட்டத்தை எழுப்பியது கேட்டவர்களின் குரல்.

இங்கே எமது சமூகத்தைப் பற்றியும் கசப்பான ஓர் உண்மையைச் சொல்ல வேண்டியுள்ளது. ஈஸ்ற்ஹாமிலும் ஹரோவிலும் டூட்டிங்கிலும் அறை கொடுப்போரில் எம்மவரும் உளர். அவர்களுட் பலர் புதிதாய் வருவோருக்கு உண்மையாகவே நிழல் கொடுத்தவர்கள். அதனை மறுப்போம் அல்லோம். ஆயினும் பற்றுச்சீட்டின்றிக் காசாகப் பிணைப்பணம் வாங்கி, பின்னர் “ஊர்ப் பிள்ளையல்லவா, கணக்குப் பார்க்கிறாயா?” என்று கேட்போரும் இருக்கின்றனர். உறவுமுறை கூறிப் பணத்தை விழுங்குவது, அந்நியன் விழுங்குவதிலும் இழிவானது. அந்தப் பணம் பெரும்பாலும் ஈடு வைத்த காணியிலிருந்தும் தாயின் நகையிலிருந்தும் வந்தது.

இத்தகைய குடியிருப்பிற் சட்டத்தின் ஓர் ஓட்டையும் உண்டு. வீட்டுக்காரர் தாமும் அதே வீட்டில் வசித்து, ஓர் அறையை மட்டும் கொடுப்பாராயின், பிணைப்பணத்தைத் திட்டத்தில் வைக்கும் கட்டாயம் அவருக்கில்லை. எம் மாணவருள் மிக வறியவர் தங்குவது இத்தகைய அறைகளிலேயே. பாதுகாப்பு எங்கு மிக வேண்டுமோ அங்கே அது இல்லை. பெரும்பிழை என்றே இதனைக் கொள்கிறோம். எனினும் தடைசெய்யப்பட்ட கட்டணங்கள் அங்கும் தடைசெய்யப்பட்டவையே. பணத்தைத் தர மறுத்தால் சிறுகோரிக்கை வழக்குத் தொடரலாம். 10,000 பவுண் வரை அவ்வழி திறந்துள்ளது, ஒப்பந்தக் கோரிக்கைக்கு ஆறு ஆண்டுகள் தவணையும் உண்டு.

உள்நாட்டுப் பிணையாளர் இல்லை என்று கூறி வெளிநாட்டு மாணவரிடம் ஆறு மாத வாடகையை ஒருமிக்கக் கேட்கும் வழக்கத்தையும் நாம் அறிவோம். 2025இல் நிறைவேறிய வாடகையாளர் உரிமைச் சட்டம், 2026 மே 1 முதல் செய்யப்படும் தனியார் வாடகை ஒப்பந்தங்களில், குடியேறுமுன் ஒரு மாத வாடகைக்கு மேல் பெறுவதைத் தடுக்கிறது. இதற்கும் தரகர் புதுப்பெயர் ஒன்று கண்டுபிடிப்பர் என்றே எதிர்பார்க்கிறோம்.

பரிந்துரைக் கடிதம் கேட்டு எம்மிடம் வரும் மாணவனுக்கு, கடிதத்தோடு இதையும் சொல்லி அனுப்புவோம்: காசாகக் கொடாதே, வங்கி வழியாகக் கொடு, நுழையும் நாளில் சுவரையும் தரையையும் படம் எடுத்து, திகதியுடன் வீட்டுக்காரருக்கே அனுப்பு, பணம் எந்தத் திட்டத்தில் உள்ளது என்று எழுத்தில் கேள். முப்பதாம் நாளும் கடந்து விடை வராவிடின், மூன்று திட்டங்களிடமும் நீயே விசாரி. எங்கும் இல்லையெனில், அடுத்த கடிதம் வீட்டுக்காரருக்கு, அதற்கடுத்தது நீதிமன்றத்துக்கு.